மறைப்பதும் ஏமாற்றுவதும்: ‘லாஸ்ட்’ தொடரின் ஓர் எபிசோடை முன்வைத்து

(தொலைக்காட்சித் திரைக்கதை பற்றிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மர்மக்கதை எழுதுகிறவர் எதையாவது மறைத்தே ஆகவேண்டும். மறைக்காவிட்டால் மர்மமே இல்லை. ஆனால் எல்லா மறைப்பும் ஒரே ரகம் கிடையாது. சில கதைகளில் முடிச்சு அவிழும்போது, ‘அட, இது கண் முன்னாலேயே இருந்ததே’ என்று வியந்து போகிறோம். வேறு சில கதைகளில், ‘இதைச் சொல்லாமல் வைத்து நம்மை ஏய்த்துவிட்டார்களே’ என்று எரிச்சல் வருகிறது. முன்னதை நேர்மையான மறைப்பு என்பேன். பின்னதை ஏமாற்று என்பேன். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். பொத்தாம்பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். அதனால் ஒரே ஒரு எபிசோடை எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘லாஸ்ட்’ தொடரின் முதல் சீசனில் நான்காவது எபிசோடு. பெயர் ‘வாக்கபவுட்’. 2004 அக்டோபர் 13 அன்று வெளிவந்தது. எழுதியவர் டேவிட் ஃபியூரி, இயக்கியவர் ஜாக் பெண்டர். விளம்பரங்களைக் கழித்தால் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. இதன் முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவைத் தொடாமல் இந்த எபிசோடைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தையும் பேச முடியாது.

தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஓஷியானிக் 815 என்ற விமானம், நடுவானில் உடைந்து பசிபிக் கடலில் ஒரு தீவில் விழுகிறது. விமானத்தின் நடுப்பகுதியில் இருந்தவர்களில் 48 பேர் பிழைக்கிறார்கள். கதையில் விபத்து நடக்கும் நாள் 2004 செப்டம்பர் 22. முதல் எபிசோடு அமெரிக்காவில் ஒளிபரப்பானதும் அதே நாளில்தான். தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை வேண்டும் என்று முதலில் கேட்டவர், அப்போது ஏபிசியின் பொழுதுபோக்குப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாயிட் பிரான். டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘காஸ்ட் அவே’ படமும் ‘சர்வைவர்’ என்ற போட்டி நிகழ்ச்சியும் அவர் மனதில் இருந்தன. ஜெஃப்ரி லீபர் எழுதிய முதல் வடிவத்துக்குப் பிறகு, ஜே.ஜே.ஏப்ராம்ஸும் டேமன் லிண்டலாஃபும் சேர்ந்து இன்று நாம் அறிந்த தொடரை உருவாக்கினார்கள்.

படப்பிடிப்பு ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்தது. பழைய பயணிகள் விமானம் ஒன்றை வாங்கி, பிரித்துக் கொண்டுபோய், அதன் துண்டுகளைக் கடற்கரை மணலில் பரப்பினார்கள். இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோ அந்த விமானத்தின் உலோகத் துண்டுகளையே தாளக் கருவிகளாகத் தட்டி ஒலி எடுத்தார். ஆக, அந்தத் தொடரில் நாம் கேட்கும் அதிர்வுகளில் ஒரு நிஜ விமானத்தின் உடல் இருக்கிறது.

தொடரின் கட்டமைப்பு எளிமையானது. ஒவ்வொரு எபிசோடும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். தீவில் அவர் செய்வது ஒரு பக்கம் ஓட, விபத்துக்கு முன் அவர் வாழ்ந்த வாழ்க்கை ஃபிளாஷ்பேக்கில் மறுபக்கம் ஓடும். நாம் பேசும் எபிசோடு ஜான் லாக் என்பவருடையது. நடித்தவர் டெர்ரி ஓக்வின். மொட்டைத் தலை, கண்ணுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு, அதிகம் பேசாத சுபாவம். முதல் மூன்று எபிசோடுகளில் அவர் யாரென்றே தெரியாது. மழை கொட்டும்போது எல்லோரும் ஒதுங்க இடம் தேடி ஓட, அவர் மட்டும் மணலில் உட்கார்ந்து இரு கைகளையும் விரித்து நனைந்துகொண்டிருப்பார். ஏறக்குறைய அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

இனி தீவில் நடப்பதைப் பார்ப்போம்.

இரவில் விமானத்தின் உடைந்த உடற்பகுதிக்குள் ஏதோ உருட்டும் சத்தம் கேட்கிறது. காட்டுப்பன்றிகள். உள்ளே இன்னும் இறந்தவர்களின் உடல்கள் கிடக்கின்றன. மருத்துவரான ஜாக், உடல்களோடு சேர்த்து அந்தப் பகுதியையே எரித்துவிடலாம் என்கிறார். இதற்கிடையே விமானத்தில் இருந்த சாப்பாடும் தீர்ந்துவிட்டது. மிச்சம் கிடந்த கடலைப் பொட்டலத்துக்குச் சண்டை வருகிறது. வாக்குவாதம் முற்றும் நேரத்தில் ஒரு கத்தி பறந்து வந்து, அங்கே கிடந்த விமான இருக்கையில் சதக்கென்று குத்தி நிற்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எறிந்தவர் லாக். பன்றியை வேட்டையாடலாம் என்கிறார். தாய்ப்பன்றி எப்படித் தாக்கும், குட்டியை எப்படி மடக்குவது என்று நிதானமாக விளக்குகிறார். பெட்டியைத் திறக்கிறார். உள்ளே வரிசை வரிசையாக வேட்டைக் கத்திகள். யார் இந்த மனிதர் என்று அங்கிருப்பவர்கள் கேட்கிறார்கள். நாமும் கேட்கிறோம்.

பிழைத்தவர்களில் கேட் என்ற பெண்ணையும் மைக்கேல் என்பவரையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார். பன்றி பாய்கிறது. மைக்கேலுக்குக் காலில் அடி. அவரைக் கேட் திருப்பி அழைத்துப்போக, லாக் தனியே மேலே நடக்கிறார். காட்டுக்குள் மரங்களை முறித்துக்கொண்டு வரும் அந்தப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று அவர் முன் வந்து நிற்கிறது. அண்ணாந்து பார்க்கும் அவர் முகத்தை மட்டுமே காட்டுகிறார்கள். பிறகு, செத்த பன்றியை இழுத்துக்கொண்டு அவர் கரைக்குத் திரும்புகிறார்.

இது தீவு. அடுத்து ஃபிளாஷ்பேக்.

லாக் ஒரு பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தில் குமாஸ்தா. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து தொலைபேசியில் யாருடனோ ராணுவ ரகசியம் போலப் பேசுகிறார். அவரைக் ‘கர்னல்’ என்கிறார்கள். உடனே நமக்குத் தீவில் பார்த்த கத்திகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ராண்டி என்ற இளவயது மேலாளர் வந்து ரிப்போர்ட் எங்கே என்று அதட்டும்போதுதான், அந்த ராணுவப் பேச்செல்லாம் மதிய இடைவேளையில் ஆடும் யுத்த விளையாட்டு என்று தெரிகிறது. அந்த விளையாட்டின் நடுவிலும் ராண்டி வந்து கேலி செய்கிறார். லாக் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்குள்ள பழங்குடி மரபைப் பின்பற்றி, காட்டுவெளியில் தன்னந்தனியே அலைந்து பிழைக்கும் ‘வாக்கபவுட்’ என்ற பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறார். உன்னால் அதெல்லாம் ஆகிற காரியமா என்று ராண்டி சிரிக்கிறார். என்னால் முடியாது என்று என்னிடம் சொல்லாதே என்று லாக் சீறுகிறார். இந்த எபிசோடு முழுக்க அவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வீட்டில் ஒரு பெண்ணோடு தொலைபேசியில் பேசுகிறார். அவளுக்கும் சேர்த்து விமான டிக்கெட் வாங்கிவிட்டேன் என்கிறார். அவள் மறுக்கும்போதுதான், அவள் காதலி இல்லை, மணிக்கணக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பேசுபவள் என்று நமக்குப் புரிகிறது. கடைசியாக ஆஸ்திரேலியா. சுற்றுலா அலுவலகம். உங்கள் நிலைமையை நீங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை, உங்களை அழைத்துப்போக முடியாது என்று அலுவலகத்துக்காரர் கைவிரிக்கிறார். இது என் விதி என்று லாக் மன்றாடுகிறார். பேருந்து கிளம்புகிறது. அவர் மேஜையிலிருந்து பின்வாங்கித் திரும்புகிறார். அப்போதுதான் சக்கரம் தெரிகிறது. லாக் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நான்கு வருடங்களாக அதில்தான் இருக்கிறார்.

அந்தக் கணத்திலிருந்து காட்சி நேராக விபத்து நடந்த கடற்கரைக்குப் போகிறது. மணலில் கிடக்கும் லாக் தன் கால்விரல்களைப் பார்க்கிறார். அவை அசைகின்றன. எழுந்து நிற்கிறார். ஜாக் அவரைப் பார்த்து, இங்கே வந்து ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிடுகிறார், எல்லோரையும் கூப்பிடுவது போல.

நண்பர்களே, இதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இதை ஒரு ‘ட்விஸ்ட்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். வெறும் ட்விஸ்ட் என்றால் ஒருமுறை பார்த்ததோடு அதன் வேலை முடிந்துவிடும். இந்த எபிசோடோ இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் முழுதாகத் திறக்கிறது. அது எப்படி என்று பார்க்க வேண்டும்.

ஃபிளாஷ்பேக்கில் லாக்கைச் சுற்றி இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். மேலாளர் ராண்டி, கூடவே வேலை செய்யும் நண்பர், சுற்றுலா அலுவலகத்துக்காரர். இவர்கள் எல்லோருக்கும் சக்கர நாற்காலி தெரியும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலியைப் பற்றி யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொலைபேசிப் பெண்ணுக்கோ அவரைப் பார்க்கவே வழியில்லை. இனி தீவுக்கு வாருங்கள். அங்கே லாக்கை முன்பின் யாருக்கும் தெரியாது. எல்லோரையும் போல நடந்து வருகிற ஒருவரிடம் போய், நேற்றுவரை உங்களால் நடக்க முடிந்ததா என்று யார் கேட்பார்கள்? ஆக, ஒரு பக்கம் எல்லோருக்கும் தெரியும், அதனால் பேசவில்லை. மறுபக்கம் யாருக்கும் தெரியாது, அதனால் கேட்கவில்லை. இரண்டு உலகத்தையும் அறிந்தவர் லாக் ஒருவர்தான். அவர் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. நான்கு வருடங்களில் முதல்முறையாக மனிதர்கள் நாற்காலியைப் பார்க்காமல் அவரைப் பார்க்கிறார்கள். அதை அவர் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நேர்மையான மறைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். இங்கே ரகசியத்தைக் காப்பது பாத்திரங்களின் இயல்பு. எழுத்தாளர் வெளியிலிருந்து கையை நீட்டி யார் வாயையும் பொத்தவில்லை. எழுதப் பழகுகிறவர்கள் இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய காட்சிக்குள் போய், அங்கே நிற்கும் ஒவ்வொருவரிடமும், ‘இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?’ என்று கேளுங்கள். அவரவருக்கு அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு பதில் இருக்க வேண்டும். ‘சொன்னால் கதை முடிந்துவிடும்’ என்பதுதான் ஒரே பதில் என்றால், அந்தக் காட்சியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கேமரா மட்டும் யோக்கியமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபிளாஷ்பேக் முழுக்க லாக் உட்கார்ந்தேதான் இருக்கிறார், அல்லது படுக்கையில் இருக்கிறார். கேமரா பெரும்பாலும் மார்புக்கு மேலேயே நிற்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அலுவலகம், சாப்பாட்டு மேஜை, படுக்கை, சுற்றுலாக்காரரின் மேஜை. இந்த நான்கு இடத்திலும் எந்த மனிதனும் உட்கார்ந்தோ படுத்தோதான் இருப்பான். தொலைக்காட்சியும் உரையாடல் காட்சிகளை அப்படித்தான் எடுக்கும். வினோதமான கோணமோ, முக்கியமான நொடியில் திடீர் வெட்டோ இங்கே தேவைப்படவில்லை. இடத்தேர்விலேயே எழுத்தாளர் வேலையை முடித்துவிட்டார்.

தடயங்களையும் ஒளித்து வைக்கவில்லை. இதற்கு முந்தைய வாரம் வந்த எபிசோடில், சிறுவன் வால்ட் தன் தந்தை மைக்கேலிடம், லாக்குக்கு ஓர் அதிசயம் நடந்ததாம் என்று சொல்கிறான். விமானம் விழுந்தும் பிழைத்தோமே, அதிசயம் நம் எல்லோருக்கும்தான் நடந்திருக்கிறது என்கிறார் மைக்கேல். உண்மையை வெட்டவெளியில் வைத்துவிட்டு, அதற்குப் பொருத்தமான இன்னொரு பொருளையும் பக்கத்திலேயே வைத்தார்கள். மைக்கேல் எடுத்துக்கொண்ட பொருளையே நாமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் ‘வாக்கபவுட்’ தொடங்கும்போதே, மணலில் கிடக்கும் லாக் கால்விரல்களை அசைத்துப் பார்ப்பது முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. விபத்தில் விழுந்தவர் கைகால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணிக்கொண்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காட்டில் பன்றி பாயும்போது லாக் மல்லாக்க விழுகிறார். சில நொடிகள் எழவில்லை. கேட் பதறிப்போய் விசாரிக்கிறாள். லாக்கின் பார்வை தன் கால்கள்மேல் இருக்கிறது. மூச்சு அடைத்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று சமாளித்து எழுந்துகொள்கிறார். முதல்முறை பார்க்கும்போது இது கீழே விழுந்த ஒரு மனிதனின் சாதாரணத் தடுமாற்றம். முடிவு தெரிந்து பார்க்கும்போது அந்தச் சில நொடிகள் தாங்க முடியாதவை. கால் போய்விட்டதா? கிடைத்த அதிசயம் இதோடு முடிந்துவிட்டதா? அந்தப் பயம் முழுவதும் ஓக்வினின் கண்ணில் இருக்கிறது. அப்போதே நடித்துவிட்டார், பார்க்கத்தான் நமக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. மைக்கேல் அடிபட்ட பிறகும் திரும்ப மறுத்து அவர் ஏன் தனியாகப் போகிறார் என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைக்கிறது. இந்த வேட்டையில் பன்றி இரண்டாம்பட்சம். தன் கால்கள் நிஜம்தானா என்று அவர் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

ராண்டியின் கேலியும் அப்படித்தான் உருமாறுகிறது. நடுவயதுக் குமாஸ்தாவின் பகல்கனவைக் கேலி செய்கிறான் என்று முதலில் நினைத்தோம். நாமும் உள்ளுக்குள் லேசாகச் சிரித்திருப்போம். நாற்காலி தெரிந்த பிறகு, நாம் சேர்ந்து சிரித்தது எதைப் பார்த்து என்று உறைக்கிறது. பார்வையாளனை இப்படித் தன் சிரிப்புக்குப் பதில் சொல்ல வைப்பது சாதாரண வேலை இல்லை.

இந்த எபிசோடின் மீது வைக்கத்தக்க குறைகளையும் பேசியாக வேண்டும். விரும்பிப் பேசுகிறேன் என்பதற்காக அவற்றை மூடி மறைக்கக் கூடாது.

முதல் குறை, மாற்றுத்திறனாளிகள் பலர் திரைக்கதை உலகைப் பார்த்து நெடுங்காலமாகச் சொல்லிவருவது. கதைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான்: குணமாக வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். நாற்காலியோடு நிறைவாக வாழ்கிற மனிதரைத் திரையில் பார்ப்பது அரிது. லாக்கின் கதையும் குணமாகும் கதைதான். கடைசிக் காட்சியில் எரியும் விமானத்தின் நெருப்பினூடே சக்கர நாற்காலி தெரிகிறது. அதைப் பார்த்து லாக் புன்னகைக்கிறார். நாற்காலியில் இருந்த வாழ்க்கை சிறுமையானது, நடந்தால்தான் வாழ்க்கை என்ற பொருள் இதில் தொனிக்கத்தான் செய்கிறது. அந்தக் குறையை நான் ஏற்கிறேன்.

அதேசமயம், எபிசோடுக்குள்ளேயே இதற்கு எதிரான ஒரு சாட்சியும் இருக்கிறது. அந்தக் கத்திப் பெட்டி. அது விமானத்தில் லாக்கோடு வந்த சாமான். பன்றியின் குணம், காட்டின் தடம், கத்தியைக் குறிபார்த்து எறிவது, இத்தனையும் அவர் நாற்காலியில் இருந்தபோதே கற்றுக்கொண்டவை. தீவு அவருக்குக் கால்களைக் கொடுத்தது, வேட்டைக்காரரைக் கொடுக்கவில்லை. வேட்டைக்காரர் அந்தப் பெட்டி நிறுவனத்தில், ராண்டியின் மேஜைக்கு எதிரிலேயே, யார் கண்ணுக்கும் படாமல் உட்கார்ந்திருந்தார். அவரை முடக்கிய கைகளில் ராண்டியின் கையும் உண்டு, கதவைச் சாத்திய சுற்றுலாக்காரரின் கையும் உண்டு.

நாற்காலியைக் கடைசிவரை மறைத்ததன் முழு நியாயமும் இங்கேதான் இருக்கிறது. முதல் காட்சியிலேயே நாற்காலியைக் காட்டியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ‘ஐயோ பாவம்’ என்றிருப்போம். அதன்பின் அவர் எதைச் செய்தாலும் அந்தப் பரிதாபத்தின் வழியாகத்தான் பார்த்திருப்போம். மறைத்ததால் அவருடைய அறிவு, துணிவு, பொறுமை ஆகியவற்றை முதலில் பார்த்தோம். அவரை மதித்தோம், கொஞ்சம் அஞ்சவும் செய்தோம். நாற்காலி பிறகு வந்தது. மனிதரை முதலில் அறிந்து, அவர் உடலின் நிலையைப் பிறகு அறிந்துகொள்ளும் வரிசையை இந்த எபிசோடு நமக்குக் கட்டாயமாக்கியது. வாழ்க்கையில் இந்த வரிசை அநேகமாகத் தலைகீழாகத்தான் நடக்கிறது.

இரண்டாவது குறை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பற்றியது. எபிசோடின் தலைப்பே அவர்கள் மரபிலிருந்து வருகிறது. லாக்கின் கனவும் அதுதான். ஆனால் அந்த மக்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கதையில் முகமில்லை, குரலில்லை. அவர்களின் புனிதமான ஒரு வழக்கம் இங்கே பணம் கட்டிப் பதிவுசெய்யும் சுற்றுலாத் திட்டமாக மட்டுமே வருகிறது. ஒரு மக்களின் மரபைத் தலைப்பில் ஏற்றுகிற கதைக்கு, அந்த மக்களில் ஒருவரையாவது உள்ளே வரவிடும் கடமை இருக்கிறது. அந்த இடத்தில் எபிசோடு தவறிவிட்டது.

இன்னொரு வகை மறைப்பும் இதே எபிசோடில் இருக்கிறது. காட்டில் லாக் முன் வந்து நின்றது என்ன? அதை நமக்குக் காட்டவில்லை. கரைக்கு வந்ததும் மைக்கேல் கேட்கிறார். பார்க்கவில்லை என்று லாக் பொய் சொல்கிறார். நாற்காலி ரகசியம் அதே முக்கால் மணி நேரத்துக்குள் பிறந்து, வளர்ந்து, தீர்ந்துவிட்டது. இந்த ரகசியமோ அடுத்த வாரத்துக்கு, அடுத்த சீசனுக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதன் முழுக்கதை வெளிவர 2010 ஆகிவிட்டது. நாற்காலி, வாங்கிய அன்றே திருப்பிக் கொடுத்த கைமாற்று என்றால், இது வட்டிமேல் வட்டி ஏறிய கடன்.

வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ என்ற சொல்லுக்குக் காத்திருந்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்தக் கடனின் சுகமும் தெரியும், சோர்வும் தெரியும். ‘லாஸ்ட்’ ரசிகர்களும் அந்தச் சோர்வுக்கு ஆளானார்கள். எத்தனை வருடம் ஓடும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாதபோது விடைகளை எப்போது அவிழ்ப்பது? 2007 மே மாதம் ஏபிசி ஒரு முடிவை அறிவித்தது. இன்னும் 48 எபிசோடுகள், 2010இல் தொடர் முடியும். வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மூன்று வருடம் முன்னதாகவே முடிவுநாள் குறிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்போது அபூர்வமான காரியம். முடிவு தெரிந்தால்தான் முடிச்சுகளை அவிழ்க்கத் திட்டமிட முடியும் என்பது அவர்கள் கற்ற பாடம். 2010 மே 23 அன்று கடைசி எபிசோடு வந்தபோது எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைக்கவில்லை என்று வருந்தியவர்கள் ஏராளம். பாத்திரங்களின் பயணம் நிறைவடைந்தது போதும் என்று மனம் நெகிழ்ந்தவர்களும் ஏராளம். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரின் புதிர்களில் காலத்தைத் தாண்டி நிற்பவை மனிதர்களைப் பற்றிய புதிர்கள்தாம். தீவைச் சுற்றிய புதிர்களும் காட்டில் வந்த அந்த ஏதோ ஒன்றும் பார்க்கிற காலத்தில் நம்மை இழுத்து வைத்துக்கொண்டன. மறுபடி பார்க்கத் தூண்டுவது லாக்கின் கதைதான். அவர் எப்படி முடமானார் என்பதையும் பிறகு மூன்றாவது சீசனில் சொன்னார்கள். பெற்ற தகப்பனே எட்டாவது மாடி ஜன்னல் வழியே தள்ளிவிட்டான். அந்த விடை வந்ததும் மர்மம் தீர்ந்ததா? தீரவில்லை. இப்படி ஒரு துரோகத்துக்குப் பிறகும் ஒரு மனிதரால் விதியை, தீவை, அதிசயத்தை எப்படி நம்ப முடிகிறது என்ற பெரிய கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. நல்ல மர்மத்துக்கு இது ஓர் அடையாளம்: விடை கிடைத்த பிறகு கேள்வி ஆழமாகும். ‘வாக்கபவுட்’ எபிசோடுக்கு எழுத்துப் பிரிவில் எம்மி பரிந்துரை கிடைத்தது. 2005இல் சிறந்த நாடகத் தொடர் என்ற எம்மி விருதை ‘லாஸ்ட்’ பெற்றது. 2007இல் டெர்ரி ஓக்வினுக்குச் சிறந்த துணைநடிகர் விருது கிடைத்தது. மூன்றும் தகுதிக்குக் கிடைத்த மரியாதை.

எழுத வந்திருக்கும் இளைஞர்களுக்காகச் சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். மறைக்கப்போகும் விஷயத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், மனிதரைத் தேர்ந்தெடுங்கள். அவர் எதை வெளியே சொல்லத் தயங்குவார், ஏன் தயங்குவார் என்று யோசித்தால் மர்மம் தானாக வரும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடயத்தை வெளிச்சத்தில் வையுங்கள். அதற்கு இன்னொரு நியாயமான பொருளும் இருக்கட்டும். கடைசியாக, உங்கள் கதையை முடிவிலிருந்து தொடங்கி மறுபடி படித்துப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியும் முன்பைவிடக் கனத்தால் நீங்கள் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு காட்சி வெறும் தந்திரமாகத் தெரிந்தால், எவ்வளவு உழைத்து எழுதியிருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

பார்வையாளர் தன் வாழ்நாளில் ஒரு மணி நேரத்தை நம்மை நம்பிக் கொடுக்கிறார். அவருக்குத் தெரியாததை வைத்து அவரைச் சிறுமைப்படுத்தலாம், அல்லது அவர் அதுவரை பார்க்கத் தவறிய ஒரு மனிதரை அவருக்குக் காட்டலாம். மர்மக்கதை எழுதும் கைக்கு இரண்டும் சாத்தியம். நம் தொலைக்காட்சிக்கு எழுதப்போகும் நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.